இரண்டு நெல்மணி இடைவெளி

நான் கட்டிய இயந்திரம் எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பின் கீழே கிடக்கிறது. யாராவது கேட்டால் தூசிக்காக மூடியிருக்கிறேன் என்பேன். கிளிநொச்சித் தூசி யன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும் என்பதால் கேட்பவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உண்மை அதுவல்ல. அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. விரிப்பைத் தந்தது அக்கா. சோடியில் மற்றது வட்டக்கச்சி வீட்டில் அவருடைய தையல் மெசினை மூடிக்கொண்டு கிடக்கிறது.

நான்கு வருடங்கள் இந்த இயந்திரத்துக்குள் போயின. உடம்பைக் கீறாமல் உள்ளே பார்க்கும் கருவி இது. கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரியில் செய்யும் ஸ்கான் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒலியை உள்ளே அனுப்பி, அது பட்டுத் திரும்பி வருவதை வைத்துப் படம் வரைவார்கள். தசை எங்கே, எலும்பு எங்கே என்று அது சொல்லும். மெல்லிய இரத்தக் குழாய்களைக் கேட்டால் மழுப்பும். அதற்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒலிக்குப் பதிலாக ஒளியை அனுப்புவது. கண் சிமிட்டும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட நீடிக்காத லேசர் வெளிச்சத்தைத் தோலில் பாய்ச்சினால், உள்ளே இருக்கும் இரத்தமும் இரும்பும் அதை விழுங்கிச் சூடாகி, துளியளவு விரிந்து, சின்னதாக ஒரு சத்தம் போடும். ஸ்கான் செய்யும் அதே முனையை வைத்து அந்தச் சத்தத்தையும் கேட்கலாம். இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் தசையும் தெரியும், இரத்தமும் தெரியும், இரும்பும் தெரியும்.

பேராசிரியர்களுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு முப்பது பக்கம் தேவைப்பட்டது. அக்காவுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. சண்டை முடிந்த பிறகு செட்டிகுளத்து அகதி முகாமில் நாங்கள் இருந்தது தகரக் கூரையின் கீழே. முகில் விலகி வெயில் பட்டதும் தகரம் டிக், டிக் என்று சத்தம் போடத் தொடங்கும்.

"அந்தத் தகரம் மாதிரித்தான் அக்கா. வெளிச்சம் பட்டால் சூடாகிச் சத்தம் போடும்."

"அப்ப என்ர ரத்தமும் சத்தம் போடுமோ?"

"ஓம். எங்களுக்குத்தான் கேக்காது. மெசினுக்குக் கேக்கும்."

"இதுக்குள்ள கிடக்கிற துண்டு?"

"அதுதான் எல்லாத்தையும் விடப் பெலத்துக் கத்தும்."

அக்கா வலது கையைத் தூக்கிக் காதடியில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "இப்ப நித்திரை போல" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையைத் தைக்கப் போய்விட்டார். அக்காவின் பகிடி அப்படித்தான் இருக்கும், சிரிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க முதல் ஆள் எழும்பிப் போய்விடுவார்.

அந்தத் துண்டு எப்படி வந்தது என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். கடைசிச் சண்டை நேரம் எனக்குப் பதின்மூன்று வயது. அக்காவுக்கு இருபத்திரண்டு. அம்மாவும் அப்பாவும் அதற்கு முதலே போய்விட்டார்கள். கடற்கரை மணலில் வெட்டிய பங்கருக்குள் அக்கா என்னைச் சட்டையில் பிடித்து இழுத்துப் போட்டார். நான் முழுதாக உள்ளே விழுந்தேன். இழுத்த கை மட்டும் ஒரு கணம் வெளியே நின்றுவிட்டது. வெளியே விழுந்து வெடித்த செல்லின், நகத்தை விடச் சிறிய ஒரு துண்டு, முழங்கைக்குக் கீழே உள்பக்கமாகப் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. தோலில் ஒரு கடலையளவு குழி. அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் எங்காவது ஒன்று கிடக்கும். முதுகில், தொடையில், சிலருக்குத் தலையில். மழை வருமுன் உளையும் என்று சொல்வார்கள், அதைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். அக்காவும் பல வருடம் அதோடு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளைத் தைத்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு பெருவிரலும் சுட்டுவிரலும் விறைக்கத் தொடங்கின. ஊசி குத்தினால் உடனே தெரியாது. வெள்ளைத் துணியில் சிவப்பாகப் பட்ட பிறகுதான் எந்த விரல் என்று தேடுவார்.

டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை, அங்கே ஒருவரும் பிழை விடவில்லை. அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"துண்டு நரம்புக்கும் ரத்தக் குழாய்க்கும் பக்கத்தில கிடக்குது. தொட்டுக்கொண்டு கிடக்குதோ, தள்ளிக் கிடக்குதோ எண்டு வெட்டினாத்தான் எனக்குத் தெரியும். தள்ளிக் கிடந்தா எடுத்துப்போட்டு வீட்டை போகலாம். தொட்டுக்கொண்டு கிடந்தா, எடுக்கேக்க அந்த விரலுகள் முழுசாப் போகலாம். வெட்டாமல் விட்டாலும் மெல்ல மெல்லக் குறையும். முடிவை நீங்கள்தான் எடுக்கோணும் அம்மா."

அக்கா அந்தக் கதிரையில் இருந்தபடியே முடிவெடுத்துவிட்டார். "மெல்ல மெல்லப் போறது பரவாயில்லை டொக்டர். ஒரேயடியாப் போனா நான் என்ன செய்யிறது?"

நான் ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் எழுதும்போது எவ்வளவோ பெரிய வசனங்கள் எழுதினேன். போருக்குப் பிந்திய சமூகத்தின் சுகாதாரத் தேவைகள் என்று தொடங்கி ஒரு பந்தி. உள்ளே இருந்தது ஒரே கேள்விதான். தொட்டுக்கொண்டு கிடக்கிறதா, தள்ளிக் கிடக்கிறதா? இரத்தக் குழாயையும் இரும்பையும் ஒரே படத்தில் பார்த்தால் பதில் கிடைக்கும். அந்தப் படத்தை எடுக்க ஒரு இயந்திரம் வேண்டும். இல்லாவிட்டால் நான் கட்டவேண்டும்.

கட்டினேன். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று பாவித்து ஓய்ந்த லேசர் மரப்பெட்டியில் வந்து சேர்ந்தது. அதைக் குளிர வைக்க ஒரு உப்பும் இல்லாத தண்ணீர் வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படையும், அதை லேசருக்குள் விட்டால் அத்தோடு சரி. மோட்டார் கடையில் பற்றரித் தண்ணீர் கான் கானாக வாங்கினேன். "எத்தினை லொறி ஓடுது சேர் உங்களுக்கு?" என்று கடைக்காரர் கேட்டார். சத்தத்தைக் கேட்கும் முனையில் நூற்றிருபத்தெட்டுக் காதுகள் இருக்கவேண்டும், எனக்குக் கிடைத்ததில் பதினொன்று செவிடு. மிச்சக் காதுகளை வைத்துச் சமாளித்தேன்.

எல்லாவற்றையும் விட என்னைக் கொன்றது நடுக்கம். லேசர் அடிக்கும் கணமும் காதுகள் கேட்கத் தொடங்கும் கணமும் ஒன்றாக இருக்கவேண்டும். துளி பிந்தினாலும் படம் நடுங்கும். ஆறு மாதம் நடுங்கியது. வயர்களை மாற்றினேன், கொம்பியூட்டரை மாற்றினேன், புரோகிராமைத் திரும்பத் திரும்ப எழுதினேன், வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தது என்னோடு வேலை செய்த தொழில்நுட்ப உத்தியோகத்தர். என் வயதுப் பெண். பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து செட்டிகுளத்தில் காடு வெட்டிக் காணி திருத்தியவர்கள்.

"சேர், எர்த் கம்பி நிக்கிற மண்ணு காஞ்சு பொளந்து கெடக்கு. கரண்ட் எங்க போய் எறங்கும்?"

ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுபோய்க் கம்பியடியில் ஊற்றினார். படம் நடுங்காமல் நின்றது. அதன் பிறகு கோடை முழுவதும் காலையில் வந்ததும் அவருடைய முதல் வேலை அதுதான், பூமரத்துக்கு ஊற்றுவது போல அந்தக் கம்பிக்குத் தண்ணீர் ஊற்றுவது. மூக்கும் கண்ணும் கூர்மையான மனிசி. அவர் சொல்வதை நான் கேட்டிருக்கவேண்டும் என்று இப்போது எழுதுவது சுலபம்.

இயந்திரத்தைச் சோதிக்க மனிதக் கைக்குப் பதிலாக ஜெலி காய்ச்சி, அதற்குள் இரும்பைப் புதைத்துப் பார்ப்போம். வெளிநாடுகளில் இதற்கென்று அளந்து செய்த உலோகக் குண்டுகளை வாங்குவார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. அக்காவின் வளவில் மரவள்ளிக்குக் கொத்தும்போது வந்த செல் துண்டுகள் ஒரு பால்மாப் பேணி நிறையக் கிடந்தன. அவற்றைக் கழுவி ஒவ்வொன்றாகப் புதைத்தேன். ஒவ்வொன்றையும் இயந்திரம் கண்டுபிடித்தது. அரை மில்லிமீற்றர் பிசகவில்லை. எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஜெலிக்குத் தோல் இல்லை, தழும்பு இல்லை, பதினைந்து வருடம் அதை ஒருவரும் தடவிவிடவில்லை என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை.

தன்னார்வலர்களின் கைகளைப் படமெடுக்க அனுமதி வந்தது. முதல் ஆளாகச் சொந்த அக்காவைக் கூட்டி வருவது முறையில்லை என்று எனக்குத் தெரியும். வேறு யாரையும் அந்த இடத்தில் வைக்க என்னால் முடியவில்லை.

ஒரு காலையில் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தார். ஆய்வுகூடக் கதிரையில் இருத்தி, நானே எழுதிய சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். இந்தப் படம் ஆராய்ச்சிக்கு மட்டுமே, சிகிச்சை பற்றிய முடிவுகளுக்கு இதைப் பயன்படுத்தக்கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. அக்கா அதன் கீழே கையெழுத்து வைத்தார். பேனை இரண்டு தரம் வழுக்கியது.

பிறகு கேள்விகள். "தோலில மருந்து, களிம்பு, மை ஏதும் பூசியிருக்கிறீங்களோ?"

"இல்லை."

நான் சரி போட்டேன்.

பெட்டியைத் திறந்துகொண்டிருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்தார். "சேர், என்னமோ எண்ணெய் வாசம் வருது."

எனக்கு ஒரு வாசமும் வரவில்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். பிறகுதான் எதைச் சொல்கிறார் என்று விளங்கியது. "அது எங்கட வீட்டு வாசம்" என்றேன். அக்காவும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

நோவெண்ணெய். எங்கள் வீடுகளில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் அந்தப் போத்தலும் இருக்கும். வேரும் இலையும் போட்டுக் கறுக்கக் காய்ச்சிய எண்ணெய். இடுப்பு நாரி பிடித்தால், கால் உளைந்தால், துண்டு கிடக்கும் இடம் குத்தினால் அதைத்தான் தேய்ப்பது. மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் தருவது. களிம்பு என்றால் குழாயில் வருவது. எண்ணெய் தேய்ப்பதை மருந்து பூசுவதாக எங்களில் ஒருவரும் நினைப்பதில்லை, முகம் கழுவுவதை யாராவது சொல்லிக்காட்டுவார்களா? அக்கா பொய் சொல்லவில்லை. நானும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவன்தான். அந்த வாசத்தோடு வளராத ஒருவருக்குத்தான் அது மணத்தது.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துக் கையைத் துடைத்தேன். பஞ்சு கொஞ்சம் பழுப்பானது. கோடை, வேர்வை, செம்மண் என்று நினைத்தேன். தழும்பின் குழிக்குள் பதினைந்து வருட எண்ணெய் கறுத்து ஊறியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்து, தழும்பின் நிறம் என்று எடுத்துக்கொண்டேன்.

கையின் மேல் ஒரு மெல்லிய தண்ணீர்ப் பையை வைத்து, அதற்கு மேலேதான் கேட்கும் முனையை வைப்போம். பக்கங்களால் லேசர் வெளிச்சம் நுழைய அந்த இடம் தேவை. முதல் பை பாதியில் ஒழுகத் தொடங்கி அக்காவின் சேலையை நனைத்தது. உத்தியோகத்தர் அதை எடுத்துவிட்டு வேறொரு பையை வைத்தார். அது கொஞ்சம் தடிப்பு. முதல் பையோடு எடுத்தவற்றைப் பார்க்காமலே ஒதுக்கிவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டேன். மூன்று பேரும் லேசருக்கான கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டோம். லேசர் திரும்ப அடிக்கத் தொடங்கியது.

"தகரம் கத்துது" என்றார் அக்கா.

திரையில் முதலில் சிவப்பாக ஒரு கோடு வந்தது. இரத்தக் குழாய். அக்காவின் இரத்தம் நான் கட்டிய இயந்திரத்தில் சத்தம் போட்டது. பிறகு தழும்புக்கு நேர் கீழே, பளிச்சென்று ஒரு புள்ளி. கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் வெறும் கறுப்பு. அளந்து பார்த்தேன். இரண்டு நெல்மணியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு இடைவெளி. நான் அழுதுவிட்டேன். கண்ணாடி போட்டிருந்ததால் ஒருவரும் காணவில்லை.

உத்தியோகத்தர் மற்றத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஸ்கான் படத்துல அந்த எடத்துல ஒண்ணும் தெரியலையே சேர். வெறும் பொகையா இருக்கு. இன்னொரு நாளைக்கு இன்னொரு தரம் எடுத்துப் பாக்கலாமா?"

"தழும்பு மறைக்குது. வேறொண்டும் இல்லை" என்றேன். என் குரல் எனக்கே கடுப்பாகக் கேட்டது. நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த புள்ளியை யாரோ தட்டிப்பறிக்க வந்தது போல இருந்தது எனக்கு. அவர் மற்றத் திரையை அணைத்துவிட்டுத் தண்ணீர்ப் பையை எடுக்கப் போனார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "என்ன தெரியுது?"

படிவத்தில் தடித்த எழுத்தில் எழுதியிருந்ததை நான் மறக்கவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "தள்ளித்தான் கிடக்குது அக்கா. ரெண்டு நெல்மணி இடைவெளி இருக்கு. பயப்பிடாதேங்கோ."

"உண்மையாவோ?"

"என்ர கண்ணால பாத்தனான்."

அக்கா தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அப்ப வெட்டுவம்" என்றார். எத்தனையோ வருடம் யார் சொல்லியும் அசையாத மனிசி. என்னுடைய ஒரு வசனத்துக்கு அசைந்தார்.

படத்தை அச்சடித்துக் கொடுத்தேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அலுமாரிக்குள் ஒரு பை இருக்கும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி, ஆஸ்பத்திரித் துண்டுகள். ஓடவேண்டி வந்தால் அதை மட்டும் தூக்கினால் போதும். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் யாரும் அந்தப் பையைக் கலைக்கவில்லை. அக்கா படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு அந்தப் பைக்குள் வைத்தார்.

டொக்டரிடமும் காட்டினார். அவர் ஆற அமரப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பித் தந்தார். "நல்ல வேலை தம்பி. ஆனா நான் இதைப் பாத்து வெட்டேலாது. நான் முதல் சொன்னதுதான் இப்பவும்." பிறகு அக்காவைப் பார்த்துச் சம்மதமா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்துவிட்டு "ஓம்" என்றார்.

ஒப்பரேசன் தியேட்டருக்கு வெளியே மூன்று மணித்தியாலம் இருந்தேன். டொக்டர் வந்தபோது முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"இடைவெளி ஒண்டும் இருக்கேல்ல. நரம்பு துண்டைச் சுத்தியே வளந்து கிடந்தது. ஏலுமானதைச் செய்தனாங்கள்."

துண்டை ஒரு சின்னப் போத்தலில் போட்டுத் தந்தார்கள். அக்கா அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "உன்ர வேலைக்கு உதவும், வைச்சிரு." பேணி நிறையத் துண்டுகளை ஜெலிக்குள் புதைத்த எனக்கு அந்த ஒன்றை மட்டும் மேசை லாச்சிக்குள் வைக்கக்கூடத் துணிவு வரவில்லை. இன்னும் என் பயணப் பையின் பக்கப் பொக்கற்றில் கிடக்கிறது.

உணர்வு திரும்பும் என்று காத்திருந்தோம். பயிற்சிக்கு அழைத்துப் போனேன். மாவைப் பிசையச் சொன்னார்கள், பிசைந்தார். பந்தைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தார், விழுந்தது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் உணர்வு அடியோடு போய்விட்டது. உளைவும் போய்விட்டது. ஒரு நாள் நான் போனபோது தையல் மெசின் மேல் விரிப்புப் போட்டிருந்தது. தைக்கக் கொடுத்திருந்த துணிகள் குசினி வாசலில் கட்டுக் கட்டாக, சொந்தக்காரர் வந்து எடுத்துப்போக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

படம் எங்கே பிழைத்தது என்று எனக்குத் தெரியவேண்டும். நாட்கணக்கில் தேடினேன். ஒரு மத்தியானம், சாப்பிடப் போகாமல், அன்று ஒதுக்கிய முதல் பையின் படங்களைத் திறந்தேன். அதிலும் இரத்தக் குழாய் அதே இடத்தில் இருந்தது. புள்ளி மட்டும் மேலே நின்றது. மெல்லிய பையில் புள்ளி மேலே, தடித்த பையில் புள்ளி கீழே. கையில் கிடக்கும் இரும்பு, நான் தண்ணீர்ப் பையை மாற்றினேன் என்பதற்காக இடம் மாறாது. தோலில் பிறந்த ஒரு சத்தம் பைக்கு மேலும் கீழும் மோதி, பிந்தி வந்து சேர்ந்து, ஆழத்திலிருந்து வந்ததாகப் பாசாங்கு செய்திருக்கிறது. தோலில் என்ன அப்படிச் சத்தம் போட்டிருக்கும் என்று யோசித்தேன். எண்ணெய் வாசம் வருது என்ற உத்தியோகத்தரின் குரல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக்குப் போய் நோவெண்ணெய் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தேன். என் முழங்கைக்குக் கீழே, ஒரு கடலையளவு இடத்தில், திரும்பத் திரும்ப ஊறவிட்டுத் தேய்த்தேன். ஸ்பிரிட்டால் துடைத்தேன். உத்தியோகத்தரை லேசரைப் போடச் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்துத் தந்துவிட்டுப் போட்டார்.

என் கையில் ஒரு துண்டும் இல்லை. அது உள்ளே வராமல் பார்த்துக்கொண்டது அக்காவின் கை. திரையில் என் தோலுக்குக் கீழே, பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேனே சேர்" என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். யன்னலால் பார்த்தேன், எர்த் கம்பியடியில் நின்றுகொண்டிருந்தார். கையில் வாளி இல்லை.

எண்ணெய்க் கறை வெளிச்சத்தை விழுங்கி உண்மைத் துண்டை மறைத்துவிட்டது என்று டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் தோளில் தட்டினார். அந்தப் படத்தைப் பார்த்துத் தான் முடிவெடுக்கவில்லை, மனதைப் போட்டுக் குழப்பவேண்டாம் என்றார். அவர் எடுக்கவில்லைத்தான். எடுத்தது அக்கா. வெட்டாமல் விட்டிருந்தால் இன்னும் ஐந்து வருடம், ஒருவேளை பத்து வருடம், விறைத்த விரல்களோடாவது அவர் தைத்திருப்பார். நான் நினைத்துப் பார்த்தேன், ஒரு மூடன் செய்யும் பிழையாக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். இது அப்படியல்ல. ஒரு கேள்விக்குத் தள்ளிக் கிடக்கிறது என்று பதில் வரவேண்டுமென்று நான்கு வருடம் ஆசைப்பட்ட ஒருவன், அப்படித் தெரிந்த முதல் புள்ளியைப் பிடித்துக்கொண்ட பிழை. படித்தவன், இன்னொருவர் எச்சரித்தும் கேளாதவன். எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது, அதை வேறு எப்படியும் நயமாகச் சொல்லத் தெரியவில்லை.

அக்காவிடம் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. ஒரு பின்னேரம் போனேன். அக்கா குசினியில் பலகைக்கட்டையில் குந்தியிருந்து இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நிலத்தில் இருந்துகொண்டு, பை மாறியதையும் புள்ளி மாறியதையும் என் கையில் எண்ணெய் பூசிப் பார்த்ததையும் சொன்னேன். தகரத்தைச் சொல்லி விளங்கப்படுத்தவில்லை. அவர் கீரையை ஆய்வதை நிற்பாட்டவில்லை.

"அப்ப நீ பாத்தது என்ர எண்ணெயையோ?"

"ஓம் அக்கா."

"மெசின் பிழையில்லையோ?"

"மெசின் சரி. பாத்த நான்தான் பிழை."

கீரைத் தண்டை முறித்தார். இன்னொன்றை எடுத்தார். அக்கா என்னை ஒருபோதும் ஏசமாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் நான் வந்திருந்தேன். என்னை மன்னித்துவிடுவார் என்றும் நினைத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் வந்திருக்கமாட்டேன்.

"நீ சொன்னபடியாத்தான் நான் ஓமெண்டனான்" என்றார். "டொக்டர் சொல்லி நான் கேக்கேல்ல. நீ சொல்லாட்டி வெட்ட விட்டிருக்கமாட்டன்."

"தெரியும் அக்கா."

"உனக்குத் தெரிஞ்சிருக்கோணும் எண்டுதான் சொல்லுறன்."

எழும்பி அலுமாரியடிக்குப் போனார். அந்தப் பையை எடுத்துப் படத்தைக் கிழித்துப் போடப்போகிறார் என்று நினைத்தேன், அப்படிச் செய்தால் நல்லது என்றும் பட்டது. அவர் அலுமாரிக்கு மேலே இருந்த நோவெண்ணெய் போத்தலை இடது கையால் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"இதைத் திறந்து தா. மூடி எனக்குத் திறக்கேலாது."

"இன்னும் நோகுதோ?"

"இல்லை. பழக்கம். தேய்க்காட்டி பின்னேரம் என்னவோ விட்டுப்போன மாதிரிக் கிடக்குது."

மூடியைத் திறந்தேன். அக்கா வலது கையை என் மடியில் வைத்தார். பாரமாக இருந்தது. உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிப் பெருவிரலிலிருந்து தொடங்கித் தேய்த்தேன். இப்போது எனக்கு அந்த வாசம் நன்றாகவே மணத்தது. ஒவ்வொரு விரலாக, ஊசி குத்திய பழைய புள்ளிகளின் மேல் தேய்த்துக்கொண்டு போனேன்.

"நீ எந்த விரலைத் தேய்க்கிறாய் எண்டு பாத்தாத்தான் தெரியுது" என்றார்.

பிறகு பார்க்கவில்லை. ஆடுகள் கத்தும் பக்கம், முற்றத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் என்னால் தேய்க்க ஏலாமல் போய்விட்டது. நான் நிறுத்தியது அவருக்குத் தெரியவில்லை.